பெராக்சைடு கேனில் எழுதியிருப்பது 50, உள்ளே இருப்பது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் நூல் வெளுத்துச் சாயம் போடும் ஒரு சின்னப் பட்டறையில் கெமிக்கல் கணக்குப் பார்க்கிறவன் நான். கொஞ்சம் நீளமான கடிதம்தான், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வரும் எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விஷயம் ஹைட்ரஜன் பெராக்சைடு, நூலை வெளுக்கும் திரவம். லுங்கி நெய்கிற ஊரில் இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை, சிட்டா நூலில் வெள்ளையும் வெளிர் நிறமும் சுத்தமாக வரவேண்டுமென்றால் காஸ்டிக் சோடா, சிலிகேட், பெராக்சைடு மூன்றும் சேர்ந்து கொதிக்க வேண்டும். ஆரணிப் பட்டுக்கும் இது தேவை, பாலாற்றங்கரைத் தோல் தொழிலில் கழிவுநீரில் உள்ள சல்பைடை முறிக்கவும் இது பயன்படுகிறது. ஆக, பழைய வட ஆற்காடு முழுக்கவே நீலக் கேனில், வெள்ளைக் கேனில் இது லாரி லாரியாக வந்து இறங்குகிறது. எல்லாக் கேனிலும் 50 சதவீதம் என்று லேபிள். அந்த 50 உண்மையா என்று யாராவது பார்க்கிறார்களா? நான் பழகிய வட்டத்தில் அநேகமாக யாரும் இல்லை. கேனைத் தராசில் வைத்து எடை சரிபார்க்கிறோம், லேபிளை நம்பித் தொட்டியில் ஊற்றுகிறோம்.

வெள்ளை சரியாக வராத நாளில்தான் சண்டை ஆரம்பிக்கும். டீலரிடம் போனால் ஒரே பதில்: "வேலூர் வெயிலுக்கு பவர் போயிடுச்சு சார், நாங்க என்ன பண்றது?" சித்திரை, வைகாசியில் இந்தப் பதிலை மறுக்கவும் முடியாது, வெயிலுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு வெயிலைக் குற்றம் சொல்லாதே என்று யாரிடம் சொல்வது? பட்டறைக்காரரும் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த ஈடுக்கு இரண்டு குடுவை அதிகமாக ஊற்றுவார், இல்லாவிட்டால் காஸ்டிக்கைக் கூட்டுவார், சூட்டைக் கூட்டுவார். நூல் பலம் இழந்து தறியில் அறுபடும்போது நெசவாளி திட்டு வாங்குவார். தப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

வெயில் கதையை முதலில் பார்ப்போம். பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும், சூடு கூடினால் வேகம் கூடும், 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் நிஜம்தான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் சரக்கில் அது பிரியாமல் இருக்க ஸ்டெபிலைசர் சேர்த்திருக்கிறார்கள். சுத்தமான கேனில், நிழலில் வைத்தால் வருடத்துக்கு ஒரு சதவீதம் குறைந்தாலே அதிகம். நம் ஊர் சூட்டுக்கு அது மூன்று மடங்கானாலும் வருடத்துக்கு மூன்றுதான். ஒரே மாதத்தில் 50 என்பது 42 ஆகிவிட்டது என்றால் அது வெயிலின் வேலை இல்லை. ஒன்று, உள்ளே துருவோ செம்போ மண்ணோ விழுந்து சரக்கு கெட்டிருக்கிறது, அப்படியானால் கேன் உப்பும், தொட்டால் சுடும், மூடியின் காற்றுத் துளை வழியே சீறும், தெரியாமல் போகாது. இல்லையா, யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இதைத் தீர்த்துவைக்க லேப் வேண்டாம், கைக்கு அடக்கமான டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர் போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர்களுக்கு இந்தக் கருவியும் பிரிக்ஸ் என்ற சர்க்கரைச் சதவீத அளவும் புதிதல்ல. கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிற அதே சாமான்தான். தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் அதற்குள் போகும் ஒளி வளையும் அளவு மாறும், அந்த வளைவை அளந்தால் கரைந்த பொருள் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 1870-களிலேயே இதற்கு நல்ல மேசைக் கருவி செய்து காட்டிவிட்டார். இப்போது அதுவே சட்டைப்பை அளவுக்கு வந்துவிட்டது: மேலே ஒரு சின்னக் குழி, குழியின் அடியில் கண்ணாடிப் பட்டகம், கீழே ஒரு எல்இடி விளக்கு. நாலு சொட்டு விட்டு பட்டனை அழுத்தினால் சில நொடியில் திரையில் எண்.

இப்போது எண்கள். 20 டிகிரியில் சுத்தத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.3330. பெராக்சைடு 35 சதவீதம் இருந்தால் சுமார் 1.356, 50 சதவீதம் இருந்தால் சுமார் 1.367. பிரிக்ஸ் மட்டும் காட்டும் கருவி என்றால் 35 சதவீத சரக்குக்கு 15-க்குச் சற்று மேலும், 50 சதவீத சரக்குக்கு 22-க்குப் பக்கத்திலும் காட்டும். அதாவது பிரிக்ஸை இரண்டேகாலால் பெருக்கினால் பெராக்சைடு சதவீதம் கிட்டத்தட்ட வந்துவிடும். இது கைக்கணக்கு. பெராக்சைடு சதவீதத்தையே நேராகத் திரையில் காட்டும் ஜப்பான் கருவியும் கிடைக்கிறது, விலைதான் கூட. சாதாரணக் கருவியின் துல்லியம் 0.2 பிரிக்ஸ் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், அதைப் பெராக்சைடாக மாற்றினால் அரை சதவீதம் முன்பின். 50-ஆ 42-ஆ என்ற சண்டைக்கு இது தாராளம், ஏனென்றால் 42 சதவீத சரக்கு 18, 19 என்றுதான் காட்டும்.

காசுக் கணக்காகவும் பார்த்துவிடலாம். 50 கிலோ கேனில் 50 சதவீதம் என்றால் அசல் பெராக்சைடு 25 கிலோ. 42 சதவீதம் என்றால் 21 கிலோ. நாலு கிலோவுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம், அதற்கு லாரி வாடகையும் ஜிஎஸ்டியும் வேறு.

ஆனால் கருவியை வாங்கிக்கொண்டு நேராக டீலரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். முதலில் அவர் எந்தச் சதவீதத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். எடைக்கு எடை 50 சதவீதம் என்றால் நூறு கிராம் சரக்கில் 50 கிராம் பெராக்சைடு. சிலர் கன அளவுக்குச் சொல்கிறார்கள், லிட்டருக்கு 500 கிராம் என்ற கணக்கில். பெராக்சைடு தண்ணீரைவிடக் கனமானது, 50 சதவீத சரக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.2 கிலோ நிற்கும். அதனால் லிட்டருக்கு 500 கிராம் என்பது எடைக் கணக்கில் சுமார் 43 சதவீதம்தான். அந்த மனிதர் ஏமாற்றவே இல்லை, நீங்கள்தான் வேறு கணக்கை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்றும் ஆகலாம். மெடிக்கல் கடைக்காரர் 20 வால்யூம் என்று சொல்வது இன்னொரு கணக்கு, ஒரு லிட்டர் பிரிந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று அர்த்தம், அது 6 சதவீதம்.

அப்புறம் சூடு. கருவியையும் வெயில் விட்டுவைக்காது. தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள், 20 டிகிரியில் 1.3330 இருப்பது 40 டிகிரியில் 1.3306 ஆகிவிடும். சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் பெராக்சைடு கணக்கில் அது மூன்றரை சதவீதம். கருவிக்குள் தானாகச் சூட்டைக் கழிக்கும் ஏற்பாடு இருக்கிறது, சரிதான், ஆனால் பிரிக்ஸ் கருவியில் அது சர்க்கரைத் தண்ணீருக்காகச் செய்தது. பெராக்சைடுக்கு அப்படியே பொருந்தாது, கொஞ்சம் பிசகு மிஞ்சும். அதோடு பல கருவிகளில் அந்த ஏற்பாடு 40 டிகிரி வரைக்கும்தான். மே மாதம் மதியம் தகரக் கொட்டகைக்குள் நின்று பார்த்தால் அந்த எல்லையே தாண்டிவிடும். காலையில் பாருங்கள், நிழலில் பாருங்கள், சொட்டு விட்டதும் அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்து, திரவமும் கண்ணாடியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். குழிக்குள் குமிழி தெரிந்தால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள், பெராக்சைடில் ஆக்சிஜன் குமிழி வந்துகொண்டே இருக்கும், அது கண்ணாடியில் ஒட்டினால் எண் ஆடும்.

பூஜ்யம் வைக்க டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும், பேட்டரி கடையில் கிடைக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாலாற்றுப் பகுதியில் எத்தனையோ கிணறு உப்பேறிக் கிடக்கிறது, லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு இருந்தால் அங்கேயே 0.2 பிரிக்ஸ் போச்சு. கருவியின் துல்லியம் முழுவதையும் கிணறு சாப்பிட்டுவிடும்.

உப்பு என்றதும் முக்கியமான ஒன்று. இந்தக் கருவிக்குப் பெராக்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. கரைந்திருப்பது சர்க்கரையா, உப்பா, யூரியாவா, பெராக்சைடா என்று அது பார்ப்பதில்லை, ஒளி எவ்வளவு வளைகிறது என்று மட்டும்தான் பார்க்கும். பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டு லாக்டோமீட்டரை ஏமாற்ற சர்க்கரை போடுகிற பழக்கம் ஊருக்கே தெரியும், அதே வேலையை இங்கேயும் செய்யலாம். எடைக்கு எடை பார்த்தால் பெராக்சைடைவிட உப்பு ஒளியை இரண்டரை மடங்குக்கு மேல் வளைக்கும். 42 சதவீத சரக்குள்ள 50 கிலோ கேனில் சுமார் இரண்டு கிலோ உப்பைக் கரைத்துவிட்டால் ரிஃப்ராக்டோமீட்டர் 50 என்று சத்தியம் செய்யும். இப்படி யாரும் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கருவி பரவினால் குறுக்குவழியும் பின்னாலேயே வரும், அதற்குள் நாம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்கிறேன்.

இதற்கு மாற்று ஏற்பாடு உண்டு, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரையும் கூடவே மிதக்கவிடுங்கள். சுத்தமான சரக்கு என்றால் இரண்டும் ஒரே சதவீதத்தைச் சொல்லும். உப்பு போட்டிருந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று சொல்லும், ஹைட்ரோமீட்டர் அதைவிடக் குறைத்துச் சொல்லும். இன்னும் சுலபம், ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, கூட ரெண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துத் தானாகக் காயவிடுங்கள், அடுப்பில் காட்டக் கூடாது. நல்ல சரக்கு அநேகமாகத் தடமே இல்லாமல் போகும், உப்பு போட்டது வெள்ளையாகப் படியும். சந்தேகம் அப்போதும் தீரவில்லையென்றால் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் இருக்கவே இருக்கிறது, கந்தக அமிலம் சேர்த்து, ஊதா நிறம் மறைந்து மறைந்து கடைசியில் இளஞ்சிவப்பு நிற்கும் இடத்தைப் பார்க்கிற சோதனை. அது பெராக்சைடைத்தான் அளக்கும், உப்பைக் கண்டு ஏமாறாது. வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் முத்துரங்கம் அரசுக் கல்லூரியிலும் வேதியியல் படித்த பிள்ளைகளுக்கு இது கைப்பழக்கம். என்னைக் கேட்டால், கருவி வாங்கியதும் இரண்டு மூன்று கேனின் சரக்கை டைட்ரேஷன் செய்யவைத்து, அந்தச் சதவீதத்துக்கு நம் கருவி என்ன காட்டுகிறது என்று ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். நான் மேலே கொடுத்த கைக்கணக்கைவிட அந்த அட்டை நம்பகமானது.

எதற்கெல்லாம் இது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவி கையில் வந்ததும் கண்டதையெல்லாம் அளக்கத் தோன்றும். வெளுப்புத் தொட்டியில் உள்ள கலவையை இதில் விடாதீர்கள், அதில் காஸ்டிக், சிலிகேட், சோப்பு எல்லாம் இருக்கிறது, வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வெளுத்து அலசிய நூலில் பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆகாது. ரியாக்டிவ் சாயத்தைக் கெடுக்க லிட்டருக்குச் சில மில்லிகிராம் மிச்சம் இருந்தாலே போதும், அதற்குச் சோதனைத் தாள்தான், முக்கி எடுத்தால் நீலம் ஏறும். மெடிக்கல் கடை 3 சதவீதம், 6 சதவீதம் பாட்டிலுக்கும் இது அவ்வளவு உதவாது, 3 சதவீதம் என்பது ஒன்றரை பிரிக்ஸுக்குள் அடங்கிவிடும், அதில் அரை சதவீதம் முன்பின் என்றால் ஆறில் ஒரு பங்கு பிசகு. தோல் கழிவுநீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேனிலிருந்து நேராக எடுத்த, வேறெதுவும் கலக்காத, கெட்டியான சரக்கு. அதற்கு மட்டும்தான் இது.

பாதுகாப்பு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பட்டறைகளில் நான் பார்ப்பதை வைத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு சொட்டுதானே என்று வெறும் கையில் எடுக்காதீர்கள், 50 சதவீதம் பட்ட இடம் வெள்ளையாகி எரியும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டு, பிளாஸ்டிக் பில்லரில் (சொட்டுக் குழாயில்) எடுங்கள். எடுத்ததில் மிச்சத்தைத் திரும்பக் கேனுக்குள் விடக் கூடாது, பில்லரில் ஒட்டியிருக்கும் துளி அழுக்கு கேன் முழுவதையும் கெடுக்கும், நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டுங்கள். கருவியைத் துடைத்த டிஷ்யூ பேப்பரையும் துணியையும் நனைத்து அலசாமல் குப்பையில் போடாதீர்கள், கெட்டிப் பெராக்சைடு ஊறிய காகிதம் காய்ந்து தானே பற்றிக்கொள்ளும். கேனில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கட்டத்தில் 5.1 என்று இருப்பது சும்மா இல்லை, மற்றப் பொருளைத் தீப்பிடிக்கத் தூண்டும் சரக்கு என்று அதற்கு அர்த்தம். இதையெல்லாம்விட மோசம், சாம்பிளைக் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்கி, பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு வெயிலில் போவது. பாட்டில் வெடிக்கலாம். வெடிக்காவிட்டால் இன்னும் பயம், தண்ணீர் மாதிரியே இருக்கும், வீட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிட்டால்?

சரி, நான் கேட்பது என்னவென்றால்.

கண்ணால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் சாதா ரிஃப்ராக்டோமீட்டர் சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது, ஆனால் கண்ணுக்கு நேரே பிடிக்கிற சாமானில் கெட்டிப் பெராக்சைடை விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மேசையில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் கருவிதான் இதற்குச் சரி, அதன் விலை நாலைந்து தொட்டி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொஞ்சம் பாரம். ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை. பத்துப் பட்டறை சேர்ந்து ஒன்று வாங்கிச் சங்கத்தில் வைக்கலாம். அதைவிட நியாயம், விற்கிற டீலர் கடையிலேயே ஒன்று இருக்க வேண்டும், தராசு இருக்கிற மாதிரி. கேன் இறங்கும்போது வாங்குகிறவர் முன்னாலேயே சொட்டு விட்டுக் காட்டட்டும். நேர்மையாக விற்பவருக்கு இதில் லாபம்தான், வெயில் கதை சொல்லிச் சொல்லி அவர் பெயரும் அல்லவா கெடுகிறது.

மாவட்டத் தொழில் மையத்துக்கும் ஒரு வேண்டுகோள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்று மாவட்டமாகப் பிரித்தாகிவிட்டது, ஒவ்வொரு தொழில் மையத்திலும் ஒரு கருவியும், டைட்ரேஷன் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும், சாம்பிள் கொண்டுவருபவருக்குச் சின்னக் கட்டணத்தில் எழுதிக் கொடுக்கலாம். தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள் தராசை வந்து பார்க்கிறார்கள், முத்திரை இல்லையென்றால் அபராதம் போடுகிறார்கள். கேனுக்குள் கூடுதலாகத் தண்ணீர் கலந்திருந்தாலும் எடை சரியாகத்தான் இருக்கும், அதனால் அவர்கள் சோதனையில் இது சிக்காது. இதை எந்தத் துறை பார்ப்பது என்று அரசு ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது.

அதுவரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசும் ஆகாது. பில் போடும்போது "ஹைட்ரஜன் பெராக்சைடு 50%" என்று எழுத விடாதீர்கள், "எடைக்கு எடை 50%, இறக்கிய நாளன்று" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற டீலரிடம் அந்தக் கேனை இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.